ஐந்து நாளாகப் பனி பெய்யவில்லை

1. செவ்வாய் மாலை, இமாசலத்திலிருந்து தம்பி போன் செய்தான். மறுநாள் தன் நண்பனோடு, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மலைச்சரிவில் பனிச்சறுக்குக்குப் போவதாகச் சொன்னான்.
2. போகலாமா என்று என்னைக் கேட்டான்.
3. வானிலைப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து நாளாகப் பனி பெய்யவில்லை. நல்ல வெயில்.
4. "போகலாம்" என்றேன்.
5. புதன் காலை அந்தச் சரிவின் பனி உடைந்து அவனை மூடியது.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இடுக்கி மலைச்சாலைகளில் மண்சரிவு அபாயத்தைக் கணிப்பதுதான் என் வேலை. கலூர் அலுவலகத்தில் உட்கார்ந்து மழை அளவையும் மண்ணின் ஈரத்தையும் பார்ப்பேன். மழை நின்று சில நாள் வெயில் அடித்தால் தண்ணீர் வடியும், மண் இறுகும், எச்சரிக்கையை எடுத்துவிடுவோம். கேரளத்தில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம்.

"என் சரிவுல சேறுதான்டா வரும்" என்று அவனிடம் சொல்லத்தான் செய்தேன்.

"எது வந்தாலும் கீழதானே வருது? சொல்லுக்கா."

சிரித்தேன். மட்டாஞ்சேரி பஸ் வந்துவிட்டது. ஒரு கால் படியில் இருக்கும்போதுதான் "போகலாம்" என்றேன்.

புதனன்று சாப்பாட்டு நேரத்தில் அவன் நண்பன் கூப்பிட்டான். "சேச்சி, அவனைத் தோண்டி எடுத்தாச்சு. மூச்சு இருக்கு." அதற்குப் பிறகு அவன் பேசியது எதுவும் நினைவில்லை. டிபன் பாக்ஸின் நான்கு கிளிப்பையும் ஒவ்வொன்றாக மூடியது நினைவிருக்கிறது. உள்ளே சோறு அப்படியே இருந்தது.

அன்று மாலை அதே பக்கத்தை மறுபடி திறந்தேன். நான் பார்த்த அட்டவணைக்குக் கீழே ஒரு பத்தி இருந்தது. மேகமில்லாத குளிர் இரவுகளில் அடிப்பனி சர்க்கரை போல ஒட்டாத மணிகளாகிவிட்டது, காற்று மேட்டுப்பனியை வாரி வந்து அதன்மேல் பலகை போலப் படியவைத்திருக்கிறது, ஒரு ஆளின் எடையே உடைக்கப் போதும் என்று எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். எங்கள் மலையை இறுக்கும் வறண்ட நாட்கள் அங்கே அடியை அரித்திருக்கின்றன. போன் திரையில் விரலை ஒரு தடவை மேலே தள்ளியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

வியாழனன்று தம்பியே பேசினான். "விழறதுக்கு முன்னாடி ஒரு சத்தம், அக்கா. அப்பா கோடவுன்ல மிளகு மூட்டையைப் பொத்துனு போடுவாங்களே, அது மாதிரி. காலுக்கடியில." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சொன்னேன்னு நான் யார்ட்டயும் சொல்லலை" என்றான்.

நான் சொன்னேன். அப்பா மேற்பார்வை பார்க்கும் கொச்சங்காடி கோடவுனுக்கே போய், மூட்டைகளுக்கு நடுவில் நின்று, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். கடைசியில் அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"நீ பனியைக் கண்ணால பார்த்திருக்கியா?"

"இல்லைப்பா."

"பின்னே எப்படி போகலாம்னு சொன்னே?"



இப்போது நிலை இது. தம்பியின் இடது தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். நண்பனுக்குக் காயமில்லை. அம்மா அங்கே போயிருக்கிறாள், போகலாம் என்றது நான்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அப்பா என்னோடு பேசுகிறார், ஆனால் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான்.