பாதியில் பேட்டரியைக் கழற்றியது

சின்னவள் ஹாஸ்டலில் இருந்த மாதத்தில் இது நடந்தது. பெரியவள் வீட்டில்தான் இருந்தாள் என்றாலும், முதல் பாதி அவள் வெளியே போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ஆகவே மகள்கள் உங்கள் இருவருக்குமே முழுக்கதை தெரியாது. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் படித்தாலும் புரியவேண்டும் என்று, உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கீரனூரில் நம் வீட்டு முன்னறைதான் என் கடை. எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டித் தருவது தொழில். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. மற்றதெல்லாம் வேலை செய்து செய்து கையில் படிந்தது.

பெரியவள் காலேஜில் சேர்ந்தபோது திருச்சியில் ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். கடைசி வருஷம் அதில் வைஃபை போய்விட்டது, வீட்டு நெட் பெட்டியைப் பிடிக்காது. போனை ஒயரால் இணைத்து நெட் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒயர் கொஞ்சம் அசைந்தாலும் நெட் நின்றுவிடும். படிப்பு முடிந்ததும் வேலைக்கு எழுதிப் போட்டதில், சென்னைக் கம்பெனி ஒன்று திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இன்டர்வியூ என்று மெயில் அனுப்பியது. வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாம். ஆனால் லேப்டாப்பில்தான் பேசவேண்டும், போனில் கூடாது, நடுவில் லைன் அறுந்தால் மறுபடி கூப்பிடமாட்டார்கள். இதை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"வெளிய சொருகுற மாதிரி குட்டி வைஃபை ஒண்ணு விக்கிதுப்பா. புதுக்கோட்டை போனா வாங்கிட்டு வாங்க."

"வெளிய துருத்திக்கிட்டு ஒண்ண ஒட்டவச்சா அது ஒரு வேலையா? உள்ளயே மாத்தித் தாரேன்."

அப்படித்தான் சொன்னேன். திருச்சியில் பழைய சாமான் விற்பவரிடம் உள்ளே பொருத்தும் வைஃபை கார்டு ஒன்று வாங்கிவந்து வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டினேன். திரை கருப்பாகி வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்தது. அவள் வாசித்தாள்: இந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை, கழற்றிவிட்டு மறுபடி தொடங்கவும்.

"பாத்தீங்களா?" என்றாள். 

மறுநாள் அவள் சர்டிபிகேட் வாங்கத் திருச்சிக்கு பஸ் ஏறினாள். நான் போனில் வீடியோ தேடினேன். லேப்டாப் பட்டனை அமுக்கியதும் முதலில் விழித்துக்கொண்டு மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் ஒரு சின்ன புரோகிராம் உள்ளே இருக்கிறது. அதற்குப் பெயர் பயாஸ். எந்தக் கார்டு ஆகும், எது ஆகாது என்று பார்ப்பதும் அதுதான். அந்தத் தடையை மட்டும் நீக்கித் திருத்திய பயாஸை யாரோ நெட்டில் போட்டிருந்தார்கள். அதை எப்படி ஏற்றுவது என்று தமிழிலேயே ஒருவர் வீடியோவில் சொன்னார். கார்டைக் கழற்றிவைத்துவிட்டு அவர் சொன்னபடி செய்துகொண்டே போனேன்.

முதல் வேலையாக, இருக்கிற பழைய பயாஸை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவைக்கச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தொழிலிலும் எரிந்த காயிலை அறுப்பதற்கு முன் எத்தனை சுற்று, என்ன கேஜ் கனத்தில் கம்பி என்று எண்ணி எழுதிவிட்டுத்தான் கத்தியை எடுப்போம். அறுத்துப் போட்டபிறகு கேட்க ஆள் கிடையாது. காப்பி எடுத்தேன். அப்புறம் வீடியோவை நிறுத்திவைத்துவிட்டு, புதியதை ஏற்ற ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் எண்கள் ஏறின. திடீரென்று திரை கருத்தது. உள்ளே இருக்கும் விசிறி முழு வேகத்தில் இரைந்தது.

"ஏங்க, மிக்ஸி ஓடுற மாதிரி கேக்குது?" என்று உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

புதுக் காயில் கட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது, சத்தம் மட்டும் வந்து வேலை நடக்காவிட்டால் அந்த நிமிஷமே கரண்டை எடுக்கவேண்டும். யோசித்தால் கட்டியதெல்லாம் கருகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக இதே பழக்கம். சார்ஜரைப் பிடுங்கினேன். லேப்டாப்பைக் கவிழ்த்து, இரண்டு கொக்கியையும் தள்ளி, பேட்டரியையும் கழற்றினேன். சத்தம் நின்றது. ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு வீடியோவை விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். "இந்த இடத்துல ஸ்கிரீன் கருப்பாகும், ஃபேன் வேகமா சுத்தும், பயப்படாதீங்க. எக்காரணத்தைக் கொண்டும் ஆஃப் பண்ணிறாதீங்க" என்றார் அவர்.

பேட்டரியை மாட்டிப் பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து தடவை அமுக்கியிருப்பேன்.

சாயங்காலம் பெரியவள் வந்தாள். "என்னாச்சுப்பா?" என்று கேட்டாள். "ஏத்திக்கிட்டு இருக்கும்போதே தானா நின்னுபோச்சும்மா" என்று சொன்னேன். பொய். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, "திங்கக்கெழம பதினொரு மணிப்பா" என்றாள். லேப்டாப் கேட்டு, கூடப் படித்த இரண்டு பேருக்குப் போன் போட்டாள். ஒருத்திக்கு அதே நாளில் இன்டர்வியூ, இன்னொருத்தி கோயம்புத்தூரில் இருந்தாள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே இருவரும் புதுக்கோட்டைக்குப் போனோம். திருக்கோகர்ணத்தில் ஒரு மாடியில் லேப்டாப் சர்வீஸ் கடை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனி ஆளாக நடத்தினார். அமுக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துத் திருகாணிகளைப் பார்த்தார். ஒன்றின் தலை வழுக்கியிருந்தது.

"இத யாரு கழட்டுனது?"

"நான்தாம்மா."

"அண்ணன் என்ன வேல பாக்குறீங்க?"

"மோட்டாருக்குக் காயில் கட்டுறேன்."

"ஒங்க கடைக்கு வந்து நான் ரெண்டு காயில் கட்டவாண்ணே? விடுவீங்களா?"

பெரியவள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் திருத்திய பயாஸ் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் கேலியை விட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏறிக்கிட்டு இருக்கும்போது நடுவுல யாராச்சும் பவர எடுத்தீங்களா? சரியாச் சொல்லுங்க. எடுத்திருந்தா சிப்புல பாதிதான் எழுதியிருக்கும். அத அழிச்சிட்டுத் திரும்ப எழுதிப் பாக்கலாம், இன்னிக்கே முடிஞ்சிரும். யாரும் எடுக்காம தானா நின்னுருந்தா போர்டுல கோளாறு இருக்கும். திருச்சிக்கு அனுப்பணும், வர ஒரு வாரம் ஆகும்."

பெரியவள் முந்திக்கொண்டாள். "யாரும் எடுக்கலக்கா, தானாத்தான் நின்னுச்சு."

அந்தப் பெண் போர்டு அனுப்பும் சீட்டை எடுத்து என் பெயரை எழுத ஆரம்பித்தார். நான் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் எழுதி முடித்து, ஊர் எழுதி முடித்து, போன் நம்பர் கேட்டார்.

"நான்தாம்மா கழட்டுனேன்" என்றேன். "சார்ஜரப் புடுங்கினேன். பேட்டரியையும் கழட்டிட்டேன்."

"பேட்டரியையுமா?" என்றாள் பெரியவள்.

"சத்தம் வந்துச்சும்மா. மோட்டாரு நெனப்புல எடுத்துட்டேன்."

"நேத்து ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

  பெரியவளே, வெள்ளிக்கிழமை நீ திட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது.

"சார்ஜர மட்டும் எடுத்திருந்தா பேட்டரி காப்பாத்தியிருக்கும்ணே" என்றார் அந்தப் பெண், சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டபடி. "நீங்க முழு மனசோட பண்ணியிருக்கீங்க. சரி, பழச காப்பி எடுத்தீங்களா? அத மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. அதுலதான் இந்த லேப்டாப்போட நம்பரெல்லாம் இருக்கும்."

சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியவளைக் கேட்டார்.

"பேட்டரியக் கழட்டுனவரும் இவருதான், காப்பி எடுத்தவரும் இவருதானா?"

"ஒரே ஆளுதான்க்கா. நாங்க வச்சுக்கிட்டுத் தவிக்கிறோம்."

பின்பக்கத்தைத் திறந்து போர்டை வெளியே எடுத்தார். பயாஸ் இருக்கும் சிப் துவரம்பருப்பு அளவுதான் இருந்தது, எட்டுக் கால். துணி கிளிப் மாதிரி ஒன்றை அதன்மேல் கவ்வ வைத்து, அதிலிருந்து போன ஒயரைத் தம் கம்ப்யூட்டரில் செருகினார். சிப்பே இல்லை என்று காட்டியது. கிளிப்பை எடுத்து, சிப்பின் கால்களைப் பிரஷ்ஷால் துடைத்து மறுபடி மாட்டினார். அப்போதும் இல்லை. பெரியவள் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. முழுவதையும் அழித்தார், பழைய பயாஸை எழுதினார், எழுதியது சரிதானா என்று ஒப்பிட்டும் பார்த்தார். காயில் சுற்றும் நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி அமுக்கினார். திரை கருப்பாகவே இருந்தது. விசிறி நேற்றுப் போலவே இரைந்தது. நான் எழுந்து சார்ஜர்மேல் கை வைத்துவிட்டேன்.

"அண்ணே, கைய எடுங்க. அங்கிட்டுப் போயி ஒக்காருங்க. மொத தடவ எந்திரிக்க நேரமாகும்."

பெரியவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது, ஆள் ஏறியது, போனது. அப்புறம் லேப்டாப் கம்பெனி முத்திரை திரையில் வந்தது.

நான் வாங்கிய கார்டை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். இருவரும் ஒரே சமயத்தில் "வேணாம்" என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளியே செருகும் குட்டி வைஃபைகள் வரிசையாகத் தொங்கின. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பெரியவள் விரலை மட்டும் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

திங்கட்கிழமை ஒரு சிக்கல் இருந்தது. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே லைன். பெரிய மோட்டாரை ஓட்டினால் வீட்டில் விளக்கு மங்கும், நெட் பெட்டியும் சில சமயம் அணைந்து எரியும். பத்தரை மணியிலிருந்து எதையும் ஓட்டவில்லை. குடுமியான்மலைப் பக்கத்தில் கடலை விவசாயம் செய்யும் சம்சாரி ஒருவர், கட்டக் கொடுத்திருந்த மோட்டாரை வாங்க வந்தார். உறவில்லை, பழக்கத்தில் மாமா.

"என்ன மாப்ள, கட்டிமுடிச்சு வச்சிட்டு வேடிக்க பாக்குற? ஓட்டிக் காட்டு, கடல காயுது."

"பன்னெண்டு மணிக்கு மாமா. உள்ள புள்ளைக்கு இன்டர்வியூ."

"ஒம் மக இன்டர்வியூவுக்கு எம் மோட்டாரு என்னய்யா பண்ணுச்சு?"

விவரம் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார், பிறகு மோட்டார்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் மழை பற்றிச் சொன்னதையெல்லாம் என் காதுக்குள்தான் சொன்னார். தெருவில் மீன்காரர் கூவியபோது எழுந்துபோய், "சத்தம் போடாமப் போப்பா, உள்ள பரீட்ச நடக்குது" என்று விரட்டிவிட்டு வந்தார்.

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது.

"அறுந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. கடைசி வரைக்கும் நின்னுச்சு."

"என்ன கேட்டாங்க?"

"நெறைய. நாலு தெரிஞ்சிச்சு, ஒண்ணு தெரியல. தெரியலன்னு சொல்லிட்டேன்." மாமாவைப் பார்த்து, "நீங்க ஓட்டிக்கங்க தாத்தா" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து வேலை கிடைத்துவிட்டது என்று மெயில் வந்தது. முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்னார்கள். கம்பெனி கூரியரில் ஒரு புது லேப்டாப் அனுப்பியது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். பெட்டியை அப்படியே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவள், அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, இது அப்பா கண்ணுல படாத எடத்துல இருக்கணும்" என்றாள்.

வேலை நேரம் போக, அது பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது. சாவி எங்கே என்று எனக்குத் தெரியும். வெளியே இருக்கும்போது அதன்மேல் தூசி படிந்திருந்தால்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன்.