விட்டேனா, விட்டுட்டேனா

மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடரில் ஒரு பகுதி பார்த்தேன். வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு வழக்கு. வக்கீல் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். கடைசி ஐந்து நிமிடத்தில் யாரும் சந்தேகப்படாத ஒரு சாட்சி, நான்தான் செய்தேன் என்று உடைந்து அழுகிறார். கோர்ட்டில் உண்மை அப்படி வருவதை நான் பார்த்ததில்லை. வேறு விதமாக ஒருமுறை வந்ததைத் தூத்துக்குடியில் பார்த்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருஷம் அது. தேதி நினைவில் இல்லை, ஊகித்து எழுத விருப்பமும் இல்லை. வியாழக்கிழமை என்பது நிச்சயம். கொழும்புக்குப் போகும் சரக்கை முதல் நாள் ஏற்றி முடித்திருந்ததால் கம்பெனியில் எனக்கு விடுப்புக் கிடைத்தது. விடுப்புக் கிடைத்தால் நான் போவது சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான். கூட வேலை செய்தவர்கள், "உமக்கு அங்க என்னவே, வாய்தாவா?" என்று கேலி செய்வார்கள்.

முத்துக்குளிப்பு நின்று பல வருஷங்கள் ஆகியிருந்தன. சங்குக்காக மட்டும் ஆட்கள் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு ஒருவர் கீழே போவார். தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருந்து, கீழிருந்து இழுப்பு வந்ததும் அவரை மேலே தூக்குவார். கயிறு பிடிப்பவர் இறங்குகிறவரின் மனைவியோடு பிறந்தவராக இருப்பது வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது கணக்கு.

அன்று கூண்டில் நின்றவன் அப்படிப்பட்ட ஓர் அண்ணன். முப்பது வயதிருக்கும். அவன் பிடித்திருந்த கயிறு ஆளில்லாமல் மேலே வந்தது. உடலை மறுநாள் வேறு தோணிக்காரர்கள் கண்டெடுத்தார்கள். தங்கை புருஷனை வேண்டுமென்றே சாகவிட்டான் என்பது வழக்கு. மாஜிஸ்திரேட் நம்பினால் கொலைக் குற்றத்துக்காக மேல் கோர்ட்டுக்கு அனுப்புவார். அங்கே போனால் தூக்குக்கயிறு வரைக்கும் போகலாம்.

தோணியில் இருந்த மற்றவர்கள், அவரவர் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் தரப்புக்கு மிஞ்சியது கடற்கரையில் காப்பிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. கடலில்லாத சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். காலையில் கடை முன்னால் மச்சினனும் மாப்பிள்ளையும் சண்டை போட்டார்கள், "செத்துப் போவ" என்று கூண்டில் நிற்பவன் கத்தினான். மத்தியானம் தோணி கரைக்கு வந்ததும், ஓடி வந்த தங்கையிடம், "நாந்தான் விட்டுட்டேன்" என்றான்.

மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்க்காரர். கயிற்றைக் கைவிட்டேன் என்று பொருள் வரும்படி அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.

எதிரியின், அதாவது கூண்டில் நின்றவனின், வக்கீல் எழுந்தார்.

"அண்ணாச்சி, அவன் சொன்னத சொன்ன மாதிரியே சொல்லும்."

"நாந்தான் விட்டுட்டேன்னு சொன்னாம்."

"இன்னொரு வாட்டி."

"நாந்தான் விட்டேன்னு அழுதுக்கிட்டே சொன்னாம்."

"விட்டேனா, விட்டுட்டேனா?"

"ரெண்டும் ஒண்ணுதான வக்கீலையா. காப்பியக் குடிச்சேன்னாலும் குடிச்சிட்டேன்னாலும் டம்ளர் காலிதான."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

"செத்துப் போவன்னானே, ஏலேன்னு சொன்னானா, மாப்ளேன்னு சொன்னானா?"

"மாப்ளேன்னுதான். மாப்பிள்ளைய வையணும்னாலும் மாப்ளேன்னுதான வையணும்."

மறுபடியும் சிரிப்பு. அண்ணாச்சி பொய் சொல்கிறவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதுவே கூண்டில் நின்றவனுக்கு ஆபத்தாக இருந்தது.

அடுத்து செத்தவனின் மனைவியைக் கூப்பிட்டார்கள். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து ஆணையிட்டாள். முக்காட்டின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க அண்ணன் கரையில என்ன சொன்னாரும்மா?" வக்கீல் கேட்டார்.

"நாந்தான் விட்டேன்னான்."

"கயித்தையா?"

"கயித்தக் கைவிட்டா கயிறு போயிட்டும்பாவ. விடுததுன்னா ஆளக் கல்லோட கீழ அனுப்புதது. உங்காள யாரு விடுதான்னு கேட்டா எங்க அண்ணன் விடுதாம்னு சொல்லுவோம். வருசக்கணக்கா இவந்தான் விடுதான்."

வக்கீல் அதோடு உட்கார்ந்துவிட்டார். போதும் என்று நினைத்திருப்பார். மாஜிஸ்திரேட் விடவில்லை.

"கீழே அனுப்பறது அவன் வேலை. வேலையைச் செய்ததை ஏன் அழுதுண்டு சொல்லணும்?"

டவாலிச் சேவகன் அவளைப் பதில் சொல்லும்படி அதட்டினான். மாஜிஸ்திரேட் அவனைக் கையமர்த்தினார்.

"முந்தின நாளு அவுக காதுல ரத்தம் வந்துச்சு எசமான். ரத்தம் காயுத வரைக்கும் இறங்கக் கூடாது. அவுக எறங்குவேன்னு நின்னாலும், விடமாட்டேன்னு கயிறு பிடிக்கவன் சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சுக் கிடையாது. கூடப்பிறந்தவன அங்கன நிப்பாட்டுதது அதுக்குத்தான். விடாத அண்ணேன்னு வாசல்ல நின்னு சொன்னேன். சரின்னுட்டுத்தான் போனான்."

கூண்டில் நின்றவனிடம், நீ ஏதாவது சொல்கிறாயா என்று கேட்டார்கள்.

"மாப்ள கேக்கல எசமான். எறங்குனா செத்துப் போவன்னு கடையில வச்சே சொன்னேன். தோணியில எல்லாரு முன்னாலயும், தங்கச்சி முந்தானையப் பிடிச்சிக்கிட்டு நீ கரையில இரின்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. அதுக்கப்புறம் விட்டேன்."

சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஜிஸ்திரேட் உத்தரவு படித்தார். மேல் கோர்ட்டுக்கு அனுப்ப ஆதாரம் போதாது, எதிரியை விடுவிக்கிறேன் என்பது சாரம். இங்கிலீஷில் படித்ததால் அவனுக்கு விளங்கவில்லை. யாரோ தமிழில் சொன்ன பிறகும் கூண்டிலேயே நின்றான். டவாலி தோளைத் தொட்டு இறக்கினான்.

வாசலில் வேப்பமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவன் இரண்டடி தள்ளி நின்று, "நீ சொல்லலன்னா நான் தொங்கியிருப்பேன் தங்கச்சி" என்றான்.

"உனக்காகச் சொல்லல. வேதப்புத்தகத்துல கை வச்சேன், நெசத்தச் சொன்னேன்."

"வீட்டுக்கு வாறியா?"

"எனக்கு வீடு இருக்கு."

இருவருக்கும் வீடு ஒரே தெருவில்தான். போவதற்கும் ஒரே வழி. அவள் முன்னால் நடந்தாள். அவன் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய், அவளை முந்தாமல் மெதுவாக நடந்தான். கடற்கரை ரோட்டுத் திருப்பம் வரை நானும் பின்னால் போனேன். அதுவரை இரண்டு பேரும் அப்படியே போனார்கள்.