புது வாரில் ஊற்றிய எண்ணெய்

சிம்பாங் அம்பாட் குதிரைப் பண்ணையில், மகளின் புதுக் கடிவாள வாருக்குத் தோல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்த வாடை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப் போனது.

அப்பா நியாலாஸ் பக்கம் ஓர் எஸ்டேட் மேனேஜரின் குதிரையைப் பார்த்துக்கொண்டார். புது வார் விறைப்பாக இருக்கும். துணியில் தொட்டு மெல்லிசாக எண்ணெய் தடவி, ஊறவிட்டு, மறுநாள் மறுபடி தடவுவார். எனக்கோ பொறுமை இல்லை. அவர் சாப்பிடப் போனபோது டின்னைச் சாய்த்து மொத்தமாக ஊற்றிவிட்டேன்.

மறுநாள் அப்பா அவசரத்தில் அதைக் கவனிக்காமல் குதிரை ஏறினார். குதிரை மிரண்டபோது வார் கையிலிருந்து வழுக்கியது. கீழே விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

"எண்ணெய நான்தான் கூட ஊத்திட்டேன், தொரே," என்றார் அப்பா மேனேஜரிடம். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

இப்போது மகளின் வாரில் மிஞ்சிய எண்ணெயைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தேன். "போதும்லா அம்மா, எத்தன தடவ தொடைப்பீங்க?" என்றாள் மகள்.

இன்னொரு தடவை துடைத்தேன். ஜாசினில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, பேத்தியோட புது வாருக்கு எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கேன். அன்னைக்கு எண்ணெய ஊத்துனது நான்தான்."

"தெரியும்மா. விழுந்தப்புறம்தான் பாத்தேன், உன் கவுன் பூரா எண்ணெய்," என்றவர், மறு மூச்சிலேயே பதறினார்: "பேத்தி ஏறிட்டாளா? வாரை நல்லா இழுத்துப் பாத்தியா?"