குன்வோர் தூக்கிய கை

ஸ்வீடனில் எங்கள் ஊரான பொல்னேஸில் குன்வோரை விசில்காரி என்றுதான் கூப்பிடுவோம். வேலை, பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில். விடுமுறை நாட்களில் பாண்டி ஆட்ட நடுவர். பனித்தரையில் வளைமட்டையோடு சறுக்கிப் பந்தை விரட்டும் அந்த ஆட்டம்தான் அவளை ரிம்மாவிடம் சேர்த்தது.

ரிம்மா ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க்காரி. அவளும் நடுவர். பிற்பாடு இருவருமே சர்வதேசச் சம்மேளனத்தில் தத்தம் நாட்டுப் பிரதிநிதிகள் ஆனார்கள். கூட்டத்தில் விதிகளைப் பற்றி மல்லுக்கட்டுவார்கள். வெளியே வந்து ஒரே பிளாஸ்கில் காபி குடிப்பார்கள். குன்வோரின் கணவர் இறந்த குளிர்காலத்தில் ரிம்மா வந்து வாரக்கணக்கில் தங்கி, அவளைச் சாப்பிட வைத்தாள்.

பிறகு உக்ரைன் போர் வந்தது. ரஷ்ய அணிகளை விலக்குவதா என்று சம்மேளனம் வாக்கெடுப்பு வைத்தது. முந்தின நாள் எங்கள் பாண்டி கிளப் சமையலறையிலிருந்து குன்வோர் ரிம்மாவை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டாள். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"விலக்கணும்னுதான் நாளைக்குக் கை தூக்கப் போறேன், ரிம்மா. நீ வேற யாரும் சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாது."

"எங்க புள்ளைங்க என்னடி பண்ணாங்க?"

"குண்டு விழற ஊர்லயும் புள்ளைங்க இருக்காங்க."



"சரி, தூக்கு. ஆட்டத்துல ஆஃப்சைடுக்குத் தூக்குவியே அரைகுறையா, அப்படித் தூக்காதே. நேராத் தூக்கு."

குன்வோர் சிரித்தாள். ரிம்மா சிரிக்கவில்லை.

கூட்டம் கணினித் திரையில் நடந்தது. குன்வோர் கையை நேராகவே தூக்கினாள். விலக்குவதென்று முடிவு அறிவித்ததும் ரிம்மாவின் முகம் திரையிலிருந்து மறைந்தது.

அதன்பின் ரிம்மா போனை எடுக்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் பதில் இல்லை. குளிர்காலங்கள் கழிந்தன. ஒரு நாள் ரிம்மாவின் மகள் தாயா குன்வோரைப் போனில் கூப்பிட்டாள். அம்மா புற்றுநோயில் போய்விட்டார், அடக்கமும் முடிந்தது என்றாள்.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க, அத்தை. வர முடியலியேன்னு அழுவீங்களாம்."

"என்மேல கோபமா இருந்தாளா?"

"கடைசி வரைக்கும் இருந்தாங்க. ஆனா நான் உங்களைத் தப்பாப் பேசினா, என்னைத் திட்டுவாங்க."

அன்று குன்வோர் கிளப்புக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கியிருக்க வேணாம்னு தோணுதா?" என்று கேட்டேன்.

"இல்லை. நாளைக்குக் கேட்டாலும் தூக்குவேன்," என்றவள் உடைந்து அழுதாள்.

அந்த வசந்தத்தில் பிரதிநிதிப் பதவியை விட்டுவிட்டாள். சம்மேளனம் நன்றி சொல்லிப் பூங்கொத்து அனுப்பியது. அதை வீட்டுக்கு எடுத்துப்போக அவளுக்கு மனமில்லை. கிளப் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். வாடும்வரை நான்தான் தண்ணீர் மாற்றினேன்.