எழுப்பாமல் விட்ட காமன்

வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்வது கழுத்திலிருந்து தாலியைக் கழற்றுவதுதான். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன நகரம், அதில் ஒரு முதியோர் இல்லம், அங்கே எனக்குப் பராமரிப்பு வேலை. கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது, நினைவு தவறியவர்கள் பிடித்து இழுத்துவிடுவார்கள் என்பது விதி. நியாயமான விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் முதல் நாள் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, பிறகுதான் கழற்றினேன். கைக்குட்டையில் சுற்றி லொக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதைச் செய்திருந்தால் லயத்து வீட்டுச் சனம் முழுக்க வாசலில் கூடியிருக்கும். இங்கே ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசியில் ஒருத்தர் பார்த்தார். மொராக் என்று பெயர். இல்லத்தில் இருக்கும் ஒரு முதிய அம்மாவின் மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவாலய மண்டபத்தில் பெண்களுக்கென்று ஒரு நாடகக் குழு நடத்துகிறவர். முதியவர்களைப் பார்க்க வருகிறவர்கள் கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் லொக்கர்கள். இது என்ன என்று கேட்டார். கல்யாணத்தின் அடையாளம், புருஷன் இருக்கும்வரை கழற்றுவதில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். மொராக் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். “அப்படியென்றால் தினமும் எட்டு மணி நேரம் நீ சுதந்திரமானவள்!” என்னுடைய ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம் என்று திருத்தலாமா என்று யோசித்து, சரி, மனுஷி சந்தோஷமாக இருக்கிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படித்தான் அந்தக் குழுவுக்குள் போனேன். ஒன்பது பெண்கள். ஆளுக்கொரு கறுப்புச் சட்டை, வெறும் மேடை, நான்கு நாற்காலி. இதைத்தான் இங்கே நவீன நாடகம் என்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் ஊரிலிருந்து ஒரு பெண்ணின் கதையைக் கொண்டுவர வேண்டும். எனக்கு வேறு கதை வரவில்லை. வாயைத் திறந்ததும் ரதி வந்துவிட்டாள்.

மலையகத்தார் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி மாதம் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். கோயிலுக்கு முன்னால் உள்ள வெளியைக் காமன் பொட்டல் என்போம். அங்கே கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, பல நாள் ஆட்டம். கடைசியில் சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் எரித்துவிடுவார். ரதி தாலியைக் கழற்றி ஒப்பாரி வைப்பாள். அந்த ஒப்பாரியில் அழாத ஆள் தோட்டத்தில் கிடையாது. மூன்றாம் நாள் பாட்டுப் பாடி மன்மதனை உயிரோடு எழுப்புவார்கள். அது கட்டாயம். எரித்த காமனை எழுப்பாமல் விடக் கூடாது. ஆடுவது, பாடுவது எல்லாம் ஆண்கள். ரதிக்கும் சேலை கட்டுவது ஓர் ஆண்தான். பெண்களுக்குப் பார்க்கிற வேலை, அழுகிற வேலை.

என் அக்கா தெய்வானைக்கு அந்த வேலை போதவில்லை. கொழுந்து எடுக்கும்போது ரதியின் பாட்டை முழுசாக முணுமுணுப்பாள். ஓர் அடி தப்பாது. அவளுடைய வீட்டுக்காரர் முருகேசு மாமா வருஷா வருஷம் மன்மதன் வேஷம் கட்டுகிறவர். “ரதிக்கு ஒன்னையே போட்டிருக்கலாம் புள்ள” என்று அவளைக் கேலி செய்வார். ரதியாக ஆடியவர் கருப்பையா அண்ணன், மீசையை மழித்துவிட்டு வந்தால் அசல் பொம்பளைதான். அந்த வருஷம் எரிக்கிற அன்றைக்குப் பார்த்து அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுத்தான் வருகிறது, குரல் வரவில்லை. கசாயம், மிளகு, ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது, கொட்டகலையில் படித்துக்கொண்டிருந்தேன். பெண் உரிமை பற்றி இரண்டு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள், கேட்க வேண்டுமா! அக்காவை இழுத்துக்கொண்டு போய் கூத்துக்காரர்கள் உடுப்பு மாற்றும் படங்குத் துணி மறைப்புக்குப் பின்னால் நிறுத்தினேன். “பாடுக்கா. ஒண்ணும் ஆகாது. ஆம்பள பாடினா மட்டுந்தான் சாமிக்குக் கேக்குமா?” என்றேன். கருப்பையா அண்ணன் முன்னால் வாயசைத்தார். அக்கா பின்னால் நின்று பாடினாள்.

அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. தப்படித்தவர்களின் கை தானாக நின்றுபோனது. சாம்பலுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்த முருகேசு மாமாவே அழுதார். பாட்டு முடிந்த பிறகுதான் யாரோ போய்ப் படங்கைத் தூக்கிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். “தாலிய கழுத்துல போட்டுக்கிட்டு, உசுரோட இருக்கிற புருஷனுக்கே ஒப்பாரி வச்சிருக்காளே!” என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டாள். கோயில் தலைவர் தீட்டு என்றார். தீட்டுப்பட்ட கூத்தில் மூன்றாம் நாள் கிடையாது என்றார். மாமா எவ்வளவோ கெஞ்சினார். யாரும் வரவில்லை. அந்த வருஷம் காமனை எழுப்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் கம்பமே ஊன்றவில்லை.

சித்திரை முடிவதற்குள் முருகேசு மாமா குளவி கொட்டிச் செத்துப்போனார். தேயிலை மலையில் குளவி கொட்டுவது புதிதில்லை, எத்தனையோ பேரைக் கொட்டியிருக்கிறது. ஆனால் செத்த வீட்டில் எங்கள் அம்மாவே சொன்னாள்: “பாடித்தானடி அவன அனுப்பிட்ட, பாவி!” அக்கா ஒப்பாரியும் வைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடச் சொன்னது நான்தான் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம், ஐயா, வேறென்ன. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருஷமாயிற்று. அக்கா அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் பாடியதில்லை. நான் படித்தேன், கல்யாணம் கட்டினேன், கடல் தாண்டி வந்தேன். குளவிக்குக் கூத்துத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இல்லத்தின் சலவை அறையில் துணி உலர்த்தும் மெஷின் சுற்றும்போது தப்புச் சத்தம் கேட்கிறது. அதற்குள்ளிருந்து அக்கா பாடத் தொடங்குவாள், நான் வெளியே ஓடிவந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் பார்சல் வேன் ஓட்டுகிறவர். அரை மணி நேரம் பிந்தினால் வாசலில் நின்று போன் மேல் போன் எடுப்பேன். அவரிடம்கூட ஏன் என்று நான் சொன்னதில்லை.

மொராக்கிடமும் அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. ரதியின் கதையை மட்டுந்தான் கொடுத்தேன். ரதியாக என்னையே போட்டார். நாடகத்தின் முடிவை அவரே எழுதிக்கொண்டு வந்தார்: ரதி பாடுகிறாள், தாலியை அறுத்துச் சிவனின் முகத்தில் எறிகிறாள், நடந்து போகிறாள், விளக்கு அணைகிறது. மூன்றாம் நாள் இல்லை. “அவன் திரும்பி வந்தால்தான் அவளுக்கு வாழ்வு என்பது ஆண்கள் எழுதிய முடிவு, சாந்தி” என்றார். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். எனக்கே முன்பு அப்படித் தோன்றியதுண்டு. “ஆனால் அவரை எழுப்ப வேண்டும்” என்றேன். ஏன் என்று கேட்டார். எழுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வாய் எடுத்து, மூடிக்கொண்டேன். அவர் நான் புருஷனுக்குப் பயப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, உதவி வேண்டுமா என்று தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். வீட்டில் சமைப்பதே என் வீட்டுக்காரர்தான், பாவம்.

ஒத்திகையில் ஒப்பாரி வரும் இடத்தில் என் குரல் நின்றுவிடும். நாலு தரம், ஐந்து தரம். மற்றப் பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறாவது தரம் மொராக் என் தோளில் கை வைத்து, அன்பாக, உண்மையான அன்பாகச் சொன்னார்: “பாடு. ஒன்றும் ஆகாது. இது வெறும் நாடகம்.”

படங்குக்குப் பின்னால் நான் அக்காவிடம் சொன்ன அதே சொல். அப்போது நானும் அன்பாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகலைக்கு பஸ் ஏறினேன், பலனை அனுபவித்தவள் அவள். கோட்டை எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் மத்தியானம் அக்காவோடு வட்ஸ்அப்பில் பேசினேன். அங்கே பின்னேரம், கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். நாடகத்தைச் சொன்னேன். பிறகு, பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததையும் சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கி ஒன்னய பாடச் சொன்னது நாந்தானே. அம்மா ஒன்ன ஏசினப்ப நான் வாயத் தொறக்கல. என்னாலதான் ஒனக்கு இவ்வளவும்.”

அழுதுகொண்டே சொன்னேன். அவளும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

“அடி போடி இவளே! நீ சொல்லியா நான் பாடினேன்? நீ சொல்லாட்டியும் பாடியிருப்பேன். கருப்பையா அண்ணனுக்குத் தொண்ட கட்டினப்ப எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோசம்னு ஒனக்குத் தெரியுமா?”

அவளுடைய சிரிப்பு நின்றது.

“ஊரு என்னா சொல்லுச்சு, நாந்தான் எம்புருசன கொன்னேன்னு சொல்லுச்சு. இப்ப நீ வந்து, பாடினதும் நானில்ல, நீதான் பாட வச்சேன்னு சொல்ற. அப்ப எனக்குன்னு என்னாதான்டி மிச்சம்?”

என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அறைந்ததில்லை. பெண் உரிமை பேசிய நான், பன்னிரண்டு வருஷமாக அவளுடைய ஒரே துணிச்சலை என்னுடைய குற்றமாக்கி வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

“அங்க மூணாம் நாளு எழுப்புறாங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“இல்லக்கா. ரதி அவர வேணாம்னு போயிர்றா. விளக்க அணைச்சிருவாங்க.”

“அவன் வேணுமா வேணாமான்னு அந்தம்மா பேசிக்கிட்டு இருக்கட்டும். எனக்கு அதில்ல. பாட்டு பாதியில நிக்கிது. எழுப்புற பாட்டும் எனக்குத் தெரியும்டி, பாடத்தான் விடல.” பிறகு, “எரிக்கிறது எப்ப?” என்றாள்.

“சனிக்கெழம.”

“சரி. தொண்டையப் பாத்துக்க. எம்பேர சொல்லு.”

சனிக்கிழமை மண்டபத்தில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். மழைக் கோட்டு வாசனை, தேநீர் வாசனை. நான் நின்று பாடினேன். ஓர் அடியும் விடவில்லை. அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனால் முன் வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மொராக் சொன்னபடியே தாலியை அறுத்து எறிந்தேன், நாடகத்துக்கென்று வாங்கிய மஞ்சள் கயிறுதான், ஆனாலும் எறிந்த கை எரிந்தது. விளக்கு அணைந்தது. அவர்கள் கைதட்டுவதற்குள், இருட்டில் நின்றுகொண்டு, நாடகத்தில் இல்லாததைச் சொன்னேன். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். “எங்கள் தோட்டத்தில் இந்தப் பாட்டைப் பாடிய முதல் பெண் என் அக்கா. பெயர் தெய்வானை.” மொராக் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, அக்கா இப்போது சுதந்திரமாக இருக்கிறாரா என்று கேட்டார். என்ன சொல்வது? கொழுந்து எடுக்கிறார் என்றேன்.

எரித்தாயிற்று. ஆனால் எழுப்பவில்லை, அந்தப் பயம் வீட்டுக்கும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக்காரரை வெளியே போக விடவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எனக்கு லீவு. அவர் விடியவே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டில் இருக்க முடியாமல், கடைக்குப் போகலாம் என்று பதினொன்றரைக்கு பஸ் தரிப்பில் நின்றேன். அக்கா போனில் கூப்பிட்டாள். பின்னால் காற்று இரைந்தது, பெண்களின் பேச்சுச் சத்தம்.

“எங்கக்கா நிக்கிற?”

“காமன் பொட்டல்ல. மலையில இருந்து நேரா வந்துட்டோம். நாலு பேரு இருக்கோம், கொழுந்துக் கூடையக்கூட எறக்கல. கோயில் தலைவரு பாத்துக்கிட்டே போனாரு, ஒண்ணும் சொல்லல. இன்னைக்கித்தானே மூணாம் நாளு?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் தொடங்கிவிட்டாள். எழும்பு என்று கூப்பிடுகிற பாட்டு. குரல் தடித்திருந்தது, இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் அதே குரல். மற்ற மூன்று பெண்களும் அடியைப் பிடித்துப் பின்பாட்டுப் பாடினார்கள். யார் எழும்புகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. முருகேசு மாமா வரப் போவதில்லை, அது அவளுக்கும் தெரியும்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் ஏறுகிறாயா என்று கையைக் காட்டினார். ஒரு காதில் அக்கா பாடிக்கொண்டிருந்தாள், மற்றக் காதில் கடற்பறவைகள் கத்தின. நான் எந்தப் பக்கமும் கால் எடுத்து வைக்காமல் நின்றேன். பஸ் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

“அங்க கேட்டுச்சாடி?”