மராத்தி டீச்சரின் அண்ணன்

என் அண்ணன் அடி வாங்கியதை நான் முதலில் பார்த்தது செம்பூரில், என் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், இன்னொருவருடைய கைப்பேசியில்.

மதிய இடைவேளை. எட்டாம் வகுப்பு மராத்தித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் மராத்தி டீச்சர். தாராவியில் பிறந்த தமிழச்சி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு மராத்தியில் எம்.ஏ. முடித்து, பத்தொன்பது வருடங்களாக மராத்திக்காரர் பிள்ளைகளுக்கே அவர்கள் மொழியின் இலக்கணத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

எதிரே இருந்த கணக்கு டீச்சர், "இதப் பாருங்க, இவனுக்கு நல்லா வேணும்" என்று மராத்தியில் சொல்லிக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். ஒரு எலக்ட்ரிக் சாமான் கடை. கழுத்தில் கட்சித் துண்டு போட்ட ஆறேழு பேர். நடுவில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒருவன் அவர் கன்னத்தில் அறைகிறான். மன்னிப்புக் கேள் என்கிறான், மராத்தியில் கேள் என்கிறான். அவர் கேட்கிறார். "மாஜா சூக் ஜாலா." என் தவறுதான் என்று சொல்ல வருகிறார். ஆனால் மராத்தியில் தவறு என்பது பெண்பால் சொல். "மாஜீ சூக் ஜாலீ" என்று வர வேண்டும்.

அந்த இலக்கணப் பிழையைத்தான் நான் முதலில் கவனித்தேன். அதற்குப் பிறகுதான் அந்த முகம் என் அண்ணனுடைய முகம் என்று உறைத்தது. யார் யாரையோ திட்டுகிறேன், ஆனால் இந்த வரிசைக்காக என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"இவர் என் அண்ணன்" என்றேன்.

கணக்கு டீச்சர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க அப்படி இல்லையே. உங்களைப் பார்த்தா யாரும் வெளியாளுன்னே சொல்ல மாட்டாங்க."

அவர் நல்லவர். என் பிரசவத்தின்போது மூன்று மாதம் என் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர். அதனால்தான் அந்த வார்த்தை அப்படி எரிந்தது.

ஆட்டோ பிடித்துத் தாராவிக்குப் போனேன். அண்ணன் கடையை அடைத்துவிட்டு வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்தது சின்ன விஷயம். முந்தின நாள் ஒருவர் பல்பை மாற்றிக் கேட்டு வந்திருக்கிறார். மராத்தியில் கேட்டிருக்கிறார். அண்ணன் எப்போதும்போல பம்பாய் இந்தியில் பதில் சொல்லியிருக்கிறார். மராத்தியில் சொல் என்றதும், புரியும், பேச வராது என்றிருக்கிறார். ஏன் வராது என்று வந்தவர் குரலை உயர்த்த, இவரும் உயர்த்தி, எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டார். மறுநாள் துண்டுக்காரர்கள் வந்தார்கள்.

"போலீஸ்ல எழுதிக் குடுப்போம்ணே" என்றேன்.

"விடுட்டி. நாளைக்கும் இதே ரோட்டுலதான் நான் கடை தொறக்கணும்."

"வீடியோ ஊரெல்லாம் சுத்துது."

"சுத்தட்டும். நீ அழாத."

நான் அழவில்லை. எனக்கு அவர்மேலும் கோபமாக இருந்தது. சின்னப் பையனாக ஊரிலிருந்து வந்தவர், நாற்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார். அடுத்த வீட்டில் மராத்திக் குடும்பம். நான் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மொழி கற்றேன், இவர் வாசலோடு நின்றுவிட்டார். இந்தி போதும் என்று விட்டுவிட்டார். அதைச் சொல்லக்கூடிய நேரமா அது? சொல்லவில்லை.

எங்கள் அப்பா ஊரில் இருந்தபோது மாநில உரிமை பேசிய கட்சியில் இருந்தவர். தாராவிக்கு வந்த பிறகும் தமிழ்ப் பேப்பரைச் சத்தமாக வாசித்துவிட்டு எங்களிடம் சொல்வார்: "எல்லாத்தையும் டெல்லியே முடிவு பண்ணும்னா மாநிலம்னு ஒண்ணு எதுக்குலே இருக்கு?" அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இன்றும் அதை நம்புகிறேன். அதனாலேயே, மராத்தி மண்ணில் வங்கியிலும் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மராத்தி இருக்க வேண்டும் என்று ஒரு மராத்திக்காரர் சொன்னால் நான் அவர் பக்கம்தான். தமிழனுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயம் என்று எப்படிப் பேச முடியும்? ஆனால் ஒரு ஜனத்தின் உரிமை எப்படிப் பல்பு விற்கிறவன் கன்னத்தில் போய் முடிகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தக் கட்சியின் கிளை அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். ஷாகா என்பார்கள். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பார்கள்; அப்படித்தான் என்னை அழைத்தார். நான் பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு சுத்தமான மராத்தி, தாயி. எங்க ஆளுங்களுக்கே இப்படி வராது."

"அந்த வீடியோவை எடுக்கச் சொல்லுங்க."

"அது இப்ப யார் கையிலயும் இல்ல. எங்கெங்கயோ போயிடுச்சு."

"உங்க பிள்ளைங்க எந்த மீடியம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "இங்கிலீஷ். காலம் அப்படி இருக்கு."

"பாந்த்ரா குர்லா பக்கம் கண்ணாடிக் கட்டடமா நிக்குது. உள்ள இருக்கற பெரிய ஆளுங்க ஒரு வார்த்தை மராத்தி பேசறதில்ல. அங்க போய் யாரையாவது காதைப் பிடிக்க வெச்சீங்களா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அங்கெல்லாம் வாசல்லயே செக்யூரிட்டி நிறுத்திடுவான், தாயி."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். செக்யூரிட்டி இல்லாத வாசல்களுக்கு மட்டும்தான் அவர்களுடைய மொழிப்பற்று போகும். பிறகு, மராத்தி மொழி நாளன்று தங்கள் மேடையில் நான் பேச வேண்டும் என்றார். ஒரு தமிழ்ப் பெண் இப்படிப் பேசுவது தங்களுக்கே பெருமை என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். குடிக்காமல் எழுந்திருக்க வேண்டும் என்று படி இறங்கும்போதுதான் தோன்றியது.

மே மாதம் அத்தை மகனின் பெண்ணுக்குக் கல்யாணம். அண்ணனும் நானும் ஊருக்குப் போனோம். திருநெல்வேலிக்குத் தெற்கே எங்கள் ஊர். அண்ணனைப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். சர்ச் வாசலில் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார். தமிழ்நாட்டைத் தமிழன் மட்டும்தான் ஆள வேண்டும் என்று மேடை போடும் ஒரு கட்சியில், பெண்ணின் அப்பாவான அத்தான் சேர்ந்திருந்தார். கல்யாண வேலைக்கு நடுவிலும், வடக்கேயிருந்து வருகிறவர்களை எப்படி நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் சாப்பிடப் போனோம். பரிமாறியவருக்கு நாற்பது வயது இருக்கும். பீகார்க்காரர். அத்தான் கெட்டிச் சட்னி கேட்டார். அந்த ஆள் சாம்பார் வாளியோடு வந்தார்.

"என்ன கேட்டேன், என்னத்தலே கொண்டாந்திருக்க? தமிழ்நாட்டுலதான சோறு திங்க? தமிழ் படிச்சா என்ன?"

"சாரிண்ணா" என்றார் அவர்.

அப்போது என் அண்ணன் வாயைத் திறந்தார். சிரித்துக்கொண்டேதான். "வாழைப்பழம்னு சொல்லு பாப்போம்."

"வாளப்பளம்."

"வாளப்பளம் இல்லலே. வாழைப்பழம். இன்னொரு தடவ சொல்லு."

அவர் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் வாளப்பளம் என்றுதான் சொல்வோம். அண்ணனே வீட்டில் அப்படித்தான் சொல்வார்.

நான் எழுந்துவிட்டேன். அந்த ஆளிடம் இந்தியில், "மன்னிச்சுக்கோங்க பாய்" என்றேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. இந்தியைக் கேட்டதும் மற்ற மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பயந்து முதலாளி இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, பரவாயில்லை, போங்கள் என்று கையால் காட்டினார். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

அண்ணனை வெளியே இழுத்து வந்தேன். பஸ்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"ஒனக்கு வெக்கமா இல்லியாண்ணே? நீ இதச் செய்யலாமா?"

"அது வேற, இது வேற. இது நம்ம ஊரு."

"எது நம்ம ஊரு? ஒன் ஆதார் கார்டுல என்ன ஊரு போட்டிருக்கு? ஒன் ஓட்டு எங்க இருக்கு? இங்க ஒனக்கு ரேஷன்ல அரைக் கிலோ சீனி குடுப்பானா?"

அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அங்க நான் வெளியாளுட்டி. நாப்பது வருசமா வெளியாளுதான். இங்க வந்தும் ஒரு நேரம் உள்ளாளா இருக்கக் கூடாதா நான்?"

அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. உள்ளாளாக இருப்பதென்றால் இன்னொருவனை நிறுத்திவைத்துச் சிரிப்பதுதான் என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அங்கே அறைந்தவர்களும் இங்கே சிரித்தவர்களும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். டெல்லியிலிருந்து அதிகாரத்தை எங்கள் ஊருக்குக் கொண்டு வா என்று ஆரம்பித்த பேச்சு இது. நான் மதிக்கிற பேச்சு. அது கடைசியில் ஒரு சாம்பார் வாளியிடம் வந்து நிற்கிறது. டெல்லி அங்கேயே இருக்கிறது. அதன் கன்னத்தில் ஒரு கொசுகூட உட்கார்வதில்லை.

திரும்பும் ரயிலில் நாங்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஜூனில் தாராவியில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி அறையைக் கேட்டு வாங்கி மராத்தி வகுப்பு ஆரம்பித்தேன். யாருக்கும் பயந்து இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டையும் கோர்ட் நோட்டீஸையும் எங்கள் பெண்கள் அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதைப் பார்த்துப் பார்த்து வந்த எண்ணம் அது. பதினொரு பேர் வந்தார்கள், பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். அண்ணனைக் கூப்பிட்டேன். "அடிச்சிப் படிக்க வெச்ச பாஷ எனக்கு வேண்டாம்" என்றார்.

மாநகராட்சித் தேர்தல் வந்தது. ஒரு ஞாயிறு வகுப்புக்குப் போனால் அறை வாசலை மறைத்து ஒரு பேனர். மேலே கட்சித் தலைவரின் படம், கீழே ஷாகா தலைவரின் கும்பிட்ட கை. 'தமிழ்ச் சகோதர சகோதரிகளுக்கு இலவச மராத்தி வகுப்பு' என்று நல்ல தமிழில், பிழையே இல்லாமல் அச்சடித்திருந்தார்கள். வகுப்பை அவர்கள்தான் நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். கயிறு அவிழவில்லை. ஒரு அக்கா உள்ளேயிருந்து அரிவாள்மனையைக் கொண்டு வந்து நீட்டினாள். அறுத்து இறக்கிச் சுருட்டி ஷாகா வாசலில் போட்டுவிட்டு வந்துதான் வகுப்பை ஆரம்பித்தேன்.

மறுநாள் அவர் போன் செய்தார். "நல்லதுக்குத்தானே வெச்சோம், தாயி."

"என் அண்ணனை அறைஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க. எங்க முன்னால நின்னு பேசட்டும். அப்புறம் பேனரைப் பத்திப் பேசலாம்."

"அவனா? அவன் இப்ப எங்களோட இல்ல. கட்சியை உடைச்சுட்டுப் பிரிஞ்சு போனாங்களே, அந்தப் பக்கம் போயிட்டான்." அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தார்போல. போனை வைத்தேன்.

அந்த வாரமே அண்ணன் கடை முகப்பில் ஷாகாக்காரர்களுடைய சின்னக் கொடி ஒன்று ஏறியது. கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும். யாரும் வந்து நிக்க மாட்டான்லா" என்றார். அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் அவர் வீட்டில் என்னால் சாப்பிட முடியாது.

வகுப்பு நடக்கிறது. இப்போது பதினாறு பேர். போன வாரம் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் தன் புருஷனின் சீட்டைத் தானே படித்து, தவறான வார்டுக்கு அனுப்பியதைக் கண்டுபிடித்து, மராத்தியிலேயே நர்சிடம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். வகுப்பில் எழுந்து நின்று அந்தச் சண்டையை அப்படியே பேசிக் காட்டினாள். மூன்று இடத்தில் தப்பாகப் பேசினாள். நான் திருத்தவில்லை.