கவிதைக் கூட்டத்துக்கு நான் பூட்டிய கதவு

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காஸில் பக்கமாக ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடி அறையில் யார் யார் இருந்தார்கள் என்று என்னால் இப்போதும் ஒவ்வொருவராகச் சொல்ல முடியும். கூட்டத்தை நடத்துகிற கொலம்பியாக் கவிஞர். வாசிக்க வந்த நான்கு பேர்: ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற இரண்டு பொலிவியாக்காரர், பிள்ளை பார்க்கும் வேலை செய்கிற ஒரு ஈக்குவடோர்ப் பெண், ஓய்வுபெற்றுவிட்ட ஒரு பஸ் சாரதி. கேட்க வந்த ஒன்பது பேர், அதில் ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. கீழே, தெருக்கதவுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டுக்கொண்டு நான். என்னைத் தவிர எல்லாரும் ஸ்பானிய மொழி பேசுகிற ஆட்கள்.

இவ்வளவு சரியாகச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். பயந்தவர்கள் எதையும் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. இப்போது லண்டனின் தெற்கே நோர்பரியில் இருக்கிறேன். விடியற்காலையில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அங்கேதான் அந்தக் கொலம்பியாக்காரியைச் சந்தித்தேன். என்னைவிடப் பத்து வயது குறைந்தவள். மற்றத் தமிழ்ப் பெண்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. ஆனபடியால் நன்றாக விளங்கிக்கொள்வோம்.

அவள் தூசி இழுக்கிற ஹூவரைப் பிடித்துக்கொண்டே கவிதை செய்வாள். ஒரு அறை முடிந்து அடுத்த அறைக்குப் போகும் இடைவெளியில் ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்து இரண்டு வரி சொல்லி வைப்பாள். மாதம் ஒருமுறை வாசிப்புக் கூட்டம். அதற்கு அறை பிடிப்பது, நூல்நிலையத்தில் நோட்டீஸ் அடிப்பது, கதிரை அடுக்குவது, பிஸ்கட் வாங்குவது எல்லாம் அவள் ஒருத்திதான். முதல் நாள் சனிக்கிழமை, வாசிக்கிறேன் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுத்துத் தைரியம் சொல்லுவாள். பகல் முழுக்கக் கோப்பை கழுவுகிறவன் நாலு பேருக்கு முன்னால் எழும்பி நிற்கவே கூச்சப்படுவான் இல்லையா? அறை வாடகைக்கு ஒரு கோப்பித் தகரம் கைமாறும். குறைகிற காசு அவளுடைய சம்பளத்தில் போகும்.

கூட்டம் நடத்துவதில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரையும் வாசிக்கக் கூப்பிட முன்னர் ஒன்றும் பேசாமல் நிற்பாள். கதிரைச் சத்தம், இருமல், ஃபோன் எல்லாம் அடங்கி, அறை முழுக்க அமைதியான பிறகுதான் ஆளின் பெயரைச் சொல்லுவாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் படிக்கட்டின் கீழே இருந்து அந்த அமைதியைக் கேட்கப் பிடிக்கும்.

நான் வாசலுக்கு வந்த கதை வேறு. அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் இரண்டு பேருக்கு விசா இல்லை. யாரென்று நான் கேட்டதில்லை. பக்கத்தில் எங்கோ ஒரு கடைக்குக் குடிவரவு அதிகாரிகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதாக ஒரு கதை அடிபட்டது. அதற்குப் பிறகு கூட்டம் குறைந்துபோய்விட்டது. வாசலில் நம்பிக்கையான ஒரு ஆள் இருந்தால் சனம் வரும் என்று என்னைக் கேட்டாள். யூனிஃபோம் போட்டவர்கள் வந்தால் திறக்காதே, கோர்ட்டுக் கடதாசி இல்லாமல் அவர்கள் உள்ளே வர முடியாது, என்னைக் கூப்பிடு, நான் வந்து பேசுகிறேன் என்றாள். அவ்வளவுதான் என் வேலை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"நீர் எங்கடை வீட்டுக் கதவையே மூண்டு தரம் இழுத்துப் பாத்திட்டுத்தான் படுக்கிறனீர். உம்மை வாசலிலை இருத்திப்போட்டு அந்தச் சனம் நிம்மதியாக் கவிதை கேக்குதோ?"

"ஓம், கேக்குதுதான்" என்றேன். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. பயத்துக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு நல்ல குளிர். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. அந்த வாரம் வேலையில் துடைப்பதற்குப் புதிதாக ஒரு மருந்துத் தண்ணீர் தந்திருந்தார்கள், மணமே தொண்டையைப் பிடிக்கும். அவள் அதிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்துமா. மூச்சுக்கு இழுக்கிற பம்ப் இருக்கிறதா என்று கேட்டேன். கோட்டுப் பையைத் தட்டிக் காட்டிவிட்டு மேலே போனாள். பம்ப் இருந்தது வேறு கோட்டில் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மேலே முதல் இரண்டு பேர் வாசித்தார்கள். கை தட்டினார்கள். பிறகு வழக்கம்போல அந்த அமைதி வந்தது. அது கொஞ்சம் நீண்டது. மூன்றாவது ஆள் கூச்சக்காரராக இருக்கும், அதனால்தான் அவள் நேரம் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கதிரைகள் இழுபடுகிற சத்தம், யாரோ வேகமாகக் கதைக்கிற சத்தம், மறுபடியும் அமைதி. கவிதை வாசிக்கிறவர்கள் எப்படியெப்படியோ வாசிப்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவில் தட்டினார்கள்.

கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. அதற்கு வெளியே இரண்டு உருவங்கள். கடும்பச்சை உடுப்பு. தடித்த சப்பாத்து. தோளில் ரேடியோ, அது கரகரவென்று ஏதோ பேசியது. பச்சை உடுப்பும் ரேடியோவும் வாசலுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று நான் சின்ன வயதிலேயே பார்த்தவள். லண்டனில் இருக்கிறேன் என்பது எனக்கு மறந்தே போனது.

வெளியில் இருந்து பெலத்துச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. பயம் வந்தால் எனக்கு முதலில் போவது இங்கிலிஷ்தான். கதவு ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் போதாது என்று பட்டது. கதவின் உச்சியில் ஒரு பழைய தாழ்ப்பாள் இருந்தது, யாரும் பாவிப்பதில்லை. கதிரையில் ஏறி, சப்பாத்தைக் கழற்றி, குதிப் பக்கத்தால் அடித்து அதை மேலே ஏற்றினேன். சுவரில் இருந்த இரண்டு லைட் சுவிட்சையும் அணைத்தேன். கூப்பிடு என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது, ஆனால் கூப்பிட்டால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமே? கடைசிப் படியில் குந்தியிருந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். நல்ல காலம், மேலே ஒரு சத்தமும் இல்லை, இப்படியே இருக்கட்டும் என்று ஆர்ச்வே கோயில் முருகனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்தேன்.

அவர்கள் போகவில்லை. இன்னும் பெலமாகத் தட்டினார்கள்.

மேலே இருந்து ஃபோன் வெளிச்சத்தோடு ஒருத்தி ஓடி வந்தாள். அந்த ஈக்குவடோர்ப் பெண். ஸ்பானிய மொழியில் என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் அவளுடைய கையைப் பிடித்து, சத்தம் போடாதே என்று விரலால் காட்டினேன். அவள் என்னை உதறிவிட்டுக் கதவுக்குப் போனாள். போகும்போது சொன்ன ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அம்புலான்சியா.

நான் அணைத்த இரண்டாவது சுவிட்ச் மேல் அறையினுடையது. அங்கே அந்தக் கொலம்பியாக்காரி மூச்சு எடுக்க முடியாமல் நிலத்தில் கிடக்க, இருட்டில், ஃபோன் வெளிச்சத்தில் அவளைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். வெளியே நின்றது அவர்கள் ஃபோன் எடுத்துக் கூப்பிட்ட அம்புலன்ஸ்காரர். சந்துக்குள் வண்டி வராதபடியால் நடந்து வந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கனவில் இன்றும் வருகிறது. தாழ்ப்பாள் அசையவில்லை. பயத்தில் அடித்து ஏற்றிய என் கைக்கு அதைத் திறக்கப் பலம் வரவில்லை. இழுத்தேன், தொங்கினேன், நகம் பிய்ந்தது. "ஸ்டாண்ட் பேக், டார்லிங்" என்று வெளியே ஒரு பெண் குரல். இந்த முறை விளங்கியது. அந்தப் பெண் தன் பச்சை ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக் கண்ணாடியை உடைத்தாள். உடைந்த ஓட்டைக்குள்ளால் கையை விட்டு, மேலே எட்டித் தாழ்ப்பாளைப் பிடுங்கினாள். நான் கீழே பூட்டைத் திறந்தேன். இரண்டு பேரும் என்னைத் தாண்டி மேலே ஓடினார்கள். நான் சுவிட்ச் இரண்டையும் போட்டேன். அந்த நேரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

நான் மேலே போகவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு கண்ணாடித் தூளுக்கு நடுவே நின்றேன். மேலே இருமல் கேட்டது. பெரிய, அசிங்கமான, நீண்ட இருமல். அதைப்போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

கண்ணாடி உடைத்த பெண் வண்டியில் இருந்து ஏதோ எடுக்க இறங்கி வந்தவள், என்னைக் கண்டு நின்றாள். எனக்குக் காயமா என்று கேட்டாள். நான் அவளுடைய சட்டையைத் தொட்டுக் காட்டி, பச்சை, எங்கள் நாடு, ஆமி என்று உளறினேன். அவள் தன் சட்டைக் கையைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்தாள். பிறகு, அடுத்த முறை யார் என்று மட்டும் கேளுங்கள், நாங்கள் சொல்லுவோம் என்றாள். ஏசவில்லை. அங்கே இருந்த யாருடைய பெயரையும் கேட்கவில்லை, நோயாளியின் பெயரைத் தவிர.

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கணவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். "மன்னிப்புக் கேக்கிறதெண்டால் நேரிலை போய்க் கேளும், எனக்கு முன்னாலை அழுது என்ன?" என்றார். வழி முழுக்க, அவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புவாள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்க முன்னரே, மிச்ச இரண்டு பேரும் வாசித்தார்களா என்று கேட்டாள். பிறகு, தன்னுடைய மூச்சு நின்றபோது ஏன் ஒருவரும் உடனே எழும்பவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். வாசிக்கிற ஆளின் பெயரைச் சொல்ல முன்னர் அவள் வழக்கமாக நிற்கிற நிலை என்று எல்லாரும் பக்தியோடு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். "அக்கா, என்ரை சீவியத்திலை இவ்வளவு அமைதியா என்னைக் கேட்ட கூட்டம் வேறை இல்லை" என்றாள். சிரிப்பு இருமலாக மாறியது. எனக்கு அழுகை.

நான் வாசலுக்கு இனி வரமாட்டேன் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். திறக்காதே என்று உனக்குச் சொன்னது நான், யாரென்று கேள் என்று சொல்ல மறந்தது நான், இரண்டு பேரும் சேர்ந்து பூட்டிய கதவு அது என்றாள். நீ போனால் விசா இல்லாத அந்த இரண்டு பேரும் வரமாட்டார்கள் என்றும் சொன்னாள்.

ஆர்ச்வேயில் அந்த அர்ச்சனையைச் செய்தேன். நேர்ந்த காரணத்தை முருகனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கண்ணாடி போட்ட செலவு நூற்றியெண்பது பவுண். கோப்பிக் கடைக்காரருக்கு அதை அவள் முதலில் கட்டிவிட்டாள். நான் முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கவில்லை. ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பவுண், தகரத்தில் போட்டால் போதும் என்றாள். அதற்குப் பிறகு ஆறு கூட்டம் நடந்துவிட்டது. ஒரு தரம் அந்தப் பஸ் சாரதி தன் பழைய வேலைத் தொப்பியும் ஜாக்கெட்டுமாக வந்து தட்டினார். தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே "யார்?" என்று கேட்டேன். அவர் தன் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொன்னார். மேலே இருந்து அவளுடைய சிரிப்புக் கேட்டது.

பயம் என்னை விட்டுப் போகவில்லை, போகும் என்று நான் நம்பவும் இல்லை; கை தாழ்ப்பாளுக்குப் போக முன்னர் வாய் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பின்னேரம் எனக்குப் படிப்பித்தது. கடன் தீர்ந்தால் வாசலுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவாளோ என்பது இப்போது என் புதுப் பயம். நல்ல காலம், இன்னும் நூற்றியிருபது பவுண் பாக்கி.